காந்தம் ஒட்டும் இடம்

வியாழக்கிழமை காலை ஆறு இருபது. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, அப்பா வாசலில் நின்று காருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்ததை. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. காதில் பென்சில். காரின் முன்பக்கத்தின் மேல் பெரிய பழுப்புத் தாளை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, உள்ளங்கையால் மெதுவாக நீவிக்கொண்டிருந்தார்.

அப்பா ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தப் பழுப்புத் தாளில்தான் அங்கே சட்டைகளுக்கு அளவு வெட்டுவார்கள். உலகத்தில் எந்தப் பொருளையும் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அன்று அவர் அளவெடுத்த உருப்படியின் இடது மட்கார்டு, விளக்கிலிருந்து கதவு வரை கிழிந்திருந்தது. பானட்டின் இடது ஓரம், புத்தகத்தில் அடையாளத்துக்கு மடித்த பக்கம்போல மேலே மடங்கியிருந்தது. விளக்கு மட்டும் உடையவில்லை.

கார் எங்களுடையது அல்ல. அதுதான் பிரச்சினை.

கார் என் அம்மாவின் அண்ணனுடையது. மாமா சேவூரில் இருந்தார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு நிட்டிங் மெஷின் போட்டு, நூலைத் துணியாக்கித் திருப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கார் கிரீம் நிறம், பழையது. அந்த மாடலைச் செய்வதை நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் அதை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் அவருடைய கூட்டம் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சாவியை அப்பாவின் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி வெய்யுங்க மாப்பிள்ளை. இல்லீன்னா பேட்டரி எறங்கிப்போயிரும்."

என்னிடமும் ஒரு பொருளை ஒப்படைத்தார். அது அவருடைய காந்தம். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், ஒரு முறுக்கு அளவு, நடுவில் ஓட்டை. அதில் எப்போதும் பன்னிரண்டு ஊசிகள் ஒட்டியிருக்கும். நிட்டிங் ஊசி தையல் ஊசி மாதிரி இருக்காது. சுண்டுவிரல் நீளத்தில் தட்டையான கம்பி, நுனியில் கொக்கி, அந்தக் கொக்கியை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. மெஷினில் எது உடைந்தாலும் உடனே மாற்ற அவை மாமாவுடன் இருக்கும். ஓர் ஊசி தரையில் விழுந்தால் அது கிடைக்கும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்பது அவர் கொட்டகையின் சட்டம். கிடைக்காத ஊசி துணிச்சுருளுக்குள் இருக்கலாம், யாருடைய காலிலும் இருக்கலாம்.

கையைக் காலியாக்க வேண்டும் என்றால் மாமா அந்தக் காந்தத்தைப் பக்கத்தில் இருக்கும் இரும்பில் ஒட்டிவிடுவார். எங்கள் வீட்டுக் கேட், ஜன்னல் கம்பி, பீரோ, ஒருமுறை பால்காரரின் கேன். பெரும்பாலும் அவருடைய காரின் பானட். இறங்கியதும் டப் என்று ஒரு சத்தம் கேட்டால் மாமா வந்துவிட்டார் என்று பொருள்.

"பழனிக்கு இது எதுக்கு சாமி. நீ வெச்சிரு. பன்னண்டு இருக்குது, எண்ணிக்க" என்றார். நான் எண்ணிக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

இதற்கு முந்தைய மூன்று வருடம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அதற்குக் காரணம் என் காது. எனக்கு ஐந்து வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் ஏழரைக்கு முடிகிறது. மாமா சீர்த்தட்டுகளோடு வந்த வேன் வழியில் பஞ்சர். கட்டிங் மாஸ்டர்கள் நேரம் தவறுவதில்லை. ஏழு இருபத்தைந்துக்கு அப்பா தன் பங்காளி ஒருவரை உட்காரச் சொல்லி, அவர் மடியில் என்னை வைத்து, காரியத்தை முடித்துவிட்டார். ஏழு நாற்பதுக்கு மாமா வந்தார். தட்டுகளை மண்டப வாசலில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார். மூன்று தீபாவளி அவர் இல்லாமல் கழிந்தது. நான்காவது தீபாவளிக்கு அம்மா தனியாகச் சேவூர் போய் வந்தாள். அதன் பிறகுதான் டப் என்ற சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. காரை எங்கள் வாசலில் விட்டுப் போனது, வந்துபோக ஆரம்பித்த மூன்றாவது மாதத்தில்.

அப்பா செவ்வாய்க்கிழமை காரை ஸ்டார்ட் செய்தார். புதன்கிழமையும் ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் சூடாவதற்கு ஓர் அளவு இருக்கிறது என்றும், நின்ற இடத்தில் அது வராது என்றும் என்னிடம் விளக்கினார். என்னை முன் சீட்டில் உட்கார வைத்து அவிநாசி ரோட்டில் ஏறினார். திருமுருகன்பூண்டி வரை போனோம். அங்கே ரோட்டோரம் சிலை செய்யும் பட்டறைகள். அதில் ஒன்றின் முன்னால் வண்டியைத் திருப்பும்போது, பாதி செதுக்கிய கல்யானை ஒன்று இடது பக்கம் நின்றது. யானையின் பீடம் மட்கார்டைக் கிழித்தது. தும்பிக்கை பானட்டின் ஓரத்தைத் தூக்கியது. வேகம் என்று சொல்ல எதுவும் இல்லை. சைக்கிளில் வந்திருந்தால் காலை ஊன்றியிருக்கலாம்.

பட்டறைக்காரர் ஓடி வந்தார். எங்களைத் தாண்டிப் போய்த் தும்பிக்கையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் எங்கள் பக்கம் திரும்பி, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சு சின்னது. மாமாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. மூன்று வருடம் பேசாமல் இருந்த மனிதர், வாசற்படி ஏறி மூன்று மாதம்கூட முடியவில்லை என்றார் அப்பா. கால் மணி நேரம் பொறுக்காததற்கே மூன்று வருடம் என்றால், இதற்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அம்மா கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த யோசனையை விட்டுவிட்டாள். அப்பாவிடம் நேராகப் பேசுவதையும் அத்தோடு நிறுத்திவிட்டாள். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு கண்ணு" என்று, அப்பா பக்கத்திலேயே நிற்கும்போது என்னிடம் சொல்வாள்.

மாமா சனிக்கிழமை காலை திரும்புவார். இரண்டு நாள் இருந்தது.

டிங்கர் வேலைக்காரர் வந்து பார்த்து, தகரம் கிழிந்துவிட்டதால் தட்டி நிமிர்த்த இரண்டு வாரம் ஆகும் என்றார். புதுத் தகரம் கிடைக்காது. ஆனால் கோயம்புத்தூரில் ஒரு கடையில் பழைய மாடல்களுக்கு ஃபைபரில் செய்த மட்கார்டும் பானட்டும் விற்கிறார்கள் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலை பழுப்புத் தாள். அப்பா தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினார். போவதற்கு முன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்பெனிக்குப் பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்தார். காரைத் தெருவுக்குத் தெரியாமல் மூட வேண்டியிருந்தது. வீட்டில் ஷேடு மாறிப்போய்த் தள்ளுபடியான ரோஸ் நிறப் பனியன் துணி ஒரு சுருள் கிடந்தது. அதை இழுத்துக் கட்டினார். பனியன் துணி இழுத்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாசலில் ரோஸ் பனியன் போட்ட கார் ஒன்று நின்றது. தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதியம் ஒன்றரைக்கு அப்பா புது மட்கார்டும் பானட்டுமாக ஒரு சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே, அவற்றை மாட்டிக்கொடுக்க ஃபைபர் அண்ணாச்சியும் வந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். அங்கே ஃபைபர் படகு செய்தவர். திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறைகளுக்கு ஆசிட் தொட்டி செய்துகொண்டிருந்தார். ரோஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஊர்ல எவ்வளவு ரோடு கெடக்கு. நீங்க போயி யானைய இடிச்சிருக்கிய மாஸ்டர்."

"அது நின்னுட்டு இருந்துச்சுங்க" என்றார் அப்பா.

புது பானட்டை நான் ஒரு கையால் தூக்கினேன். அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். பழைய பானட்டைக் கழற்ற இரண்டு பெரியவர்கள் மூச்சுப் பிடித்திருந்தார்கள். புது மட்கார்டின் வெளிப்பக்கம் வழவழப்பு. உள்பக்கம் சொரசொரப்பாக, சேமியாவைக் கொட்டிப் பிசின் ஊற்றியதுபோல் இருந்தது. அண்ணாச்சி அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வெயில் அதன் வழியாக வந்தது, தேன் நிறத்தில். உள்ளே கண்ணாடி நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நூல் என்றால் எனக்குக் கோன்களில் வரும் நூல்தான் தெரியும். இதுவும் நூல்தான், நெய்யவில்லை, பின்னவில்லை, சும்மா போட்டு ஒட்ட வைத்தது என்றார். தொட்டதில் முழங்கை வரை அரித்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

அண்ணாச்சி எதையும் உடனே முடுக்கவில்லை. மட்கார்டை அதன் இடத்தில் வைப்பார், தள்ளிப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார், எடுப்பார், ஓரத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார், மறுபடியும் வைப்பார். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள சந்து மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க, மடித்த அட்டைத் துண்டு ஒன்றை அதில் ஓட்டினார். அது எங்கேயும் சிக்கக் கூடாது. "பொருத்திப் பாக்கதுதான் வேலை மாஸ்டர். முடுக்கது அஞ்சு நிமிசம்" என்றார்.

போல்ட்டுக்கு ஓட்டை போடும்போதுதான் அப்பாவுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. போல்ட் எட்டு எம்எம். அண்ணாச்சி ஓட்டையைப் பத்து எம்எம் போட்டார். அப்பாவால் இதை மனதளவில் தாங்க முடியவில்லை. லூசாக இருக்குமே என்றார்.

"வெயில்ல வண்டி விரியும், குளிர்ல சுருங்கும். இரும்பு ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. ரெண்டுக்கும் எடங் குடுக்கணும். இல்லன்னா வெடிச்சிரும்."

சுருங்கும் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரின் பெயர் கெடுவதற்கு அந்த ஒரு சொல் போதும். துணி துவைத்தால் சுருங்கும். எத்தனை சதவீதம் என்று முன்பே தெரிந்து அந்த அளவு கூட விட்டு வெட்டுபவர்தான் மாஸ்டர். அப்பா வெட்டிய சட்டை குட்டையாகிவிட்டது என்று எந்த நாட்டிலிருந்தும் கடிதம் வந்ததில்லை.

"எத்தன பர்சன்ட்டு சுருங்குமுங்க?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் வெட்ட வேண்டிய கோட்டைத் தையல் சாக்கட்டியால் போட்டார். அட்டைத் துண்டு காட்டிய இடத்தில் அல்ல. அரை இஞ்ச் வெளியே. பெயிண்ட் அடித்து, அது காய்ந்து, வெயிலில் நின்றால் சரியாக வந்து உட்காரும் என்றார்.

"இது துணி இல்லலா மாஸ்டர். தொவைக்கவா போறிய?"

அப்பா இருபது வருட அனுபவம் என்று மட்டும் சொன்னார். வண்டி யாருடைய பொறுப்போ அவர் சொன்னபடி வெட்டுவதுதான் மரியாதை என்று அண்ணாச்சி நினைத்திருக்க வேண்டும். சாக்கட்டிக் கோட்டின் மேல் வெட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை நிறம் பார்த்தார்கள். அப்பா கிழிந்த தகரத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தெரிந்த சாயப்பட்டறையின் லேபுக்குப் போனார். சாயம் போட்ட துணியின் நிறம் சரியா என்று பார்க்க அங்கே ஒரு விளக்குப் பெட்டி உண்டு. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மூன்றிலும் ஒத்துப்போன கிரீமோடு வந்தார். அம்மா அதை வாசற்படியிலிருந்து பார்த்தாள். "பழைய மட்கார்டுல தேங்காய் விழுந்த சொட்டை ஒண்ணு இருந்துச்சே, அது எங்கீன்னு கேளு கண்ணு" என்றாள் என்னிடம். சொட்டை இருந்தால்தான் ஆட்கள் கேட்பார்கள், இல்லாததை யாரும் கேட்கமாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார் அப்பா. "என்ற அண்ணன் கேப்பாரு" என்றாள் அம்மா. அது யாருக்கும் சொன்னதாக இல்லை.

இரண்டு உருப்படிகளையும் ஸ்டூல்களின் மேல் வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். அது காயும்வரை எனக்கு வேலையில்லை. மாமாவின் காந்தத்தை எடுத்துக்கொண்டு, டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல் காரைச் சுற்றி வந்தேன். கூரை, டப். டிக்கி, டப். நான்கு கதவும் டப். வலது மட்கார்டில் ஒட்டியதை இழுத்து எடுக்கக் கஷ்டப்பட்டேன்.

மாலை நாலரைக்கு எல்லாவற்றையும் மாட்டினார்கள். போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் திருகி, ரப்பர் வாஷர் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கினார் அண்ணாச்சி. பானட் பூப்போல மூடியது. இனி யாராலும் சொல்ல முடியாது. அப்பா சட்டையைப் பிடித்துப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இடது கதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. மட்கார்டின் ஓரம் அரை இஞ்ச் கதவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்பா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"சுருங்கலீங்களே" என்றார் அப்பா.

அண்ணாச்சி பையிலிருந்து ஹாக்ஸா பிளேடைத் தேடினார். புதுப் பெயிண்ட் இன்னும் இறுகவில்லை, இப்போது அறுத்தால் பிய்ந்துகொண்டு வரும், விடியட்டும் என்றார்.

அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் புது பானட்டில் காந்தத்தை வைத்தேன். டப் என்ற சத்தம் வரவில்லை. காந்தம் சறுக்கிக்கொண்டு வந்து என் கையில் விழுந்தது. மட்கார்டிலும் அப்படியே. வைப்பேன், விழும். எனக்கு இது பெரிய சந்தோஷமாக இருந்தது. காருக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. பானட் முழுவதும் சாண் சாணாக நகர்த்திப் பார்த்தேன். பின் ஓரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஓரிடத்தில் மட்டும் லேசாகப் பிடித்தது. அங்கே கீலை முடுக்குவதற்காக ஃபைபருக்குள் ஓர் இரும்புத் தகட்டைப் புதைத்திருக்கிறார்கள் என்று அண்ணாச்சி வந்து சொன்னார். வெளியே பார்த்தால் தெரியாது. வைப்பர் கம்பியிலிருந்து ஒரு சாண், ஓரத்திலிருந்து நான்கு விரல். நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்குள் அண்ணாச்சி அந்த அரை இஞ்சை அறுத்து, அரம் போட்டு, ஓரத்தில் சின்ன பிரஷ்ஷால் கிரீம் தடவி முடித்துவிட்டுப் போனார். கதவு திறந்தது. அப்பா டீயோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதாக நினைத்து, காந்தம் இதில் நிற்காது என்றும், ஆனால் ஓர் இடத்தில் நிற்கும் என்றும் சொன்னேன்.

திருப்பூரில் சட்டைகூட ஊசி இருக்கிறதா என்று மெஷினில் சோதித்துத்தான் கப்பல் ஏறும். அளவையும் நிறத்தையும் சரிபார்த்த அப்பா அந்தச் சோதனையை மறந்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மாமா காந்தத்தைக் கேட்டால் காணவில்லை என்று சொல்லிவிடு என்றார்.

உள்ளே இருந்து அம்மா வந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"புள்ளையப் பொய் சொல்லச் சொல்லாதீங்க. அவ காதுக்குத்தான் மூணு வருசம் போச்சு. வாயிக்கு ஒண்ணும் போக வேண்டாம்." பிறகு என்னிடம், "கேட்டாக் குடுத்துரு கண்ணு" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாமல் வாசலுக்குப் போனேன். வைப்பரிலிருந்து ஒரு சாண், ஓரத்திலிருந்து நான்கு விரல். பன்னிரண்டு ஊசிகளோடு காந்தத்தை அங்கே வைத்தேன். நின்றது. இப்போது மாமா வந்ததும் தன் காந்தம் தன் கார்மேல் இருப்பதைப் பார்ப்பார். பொய்யும் இல்லை. இதைவிடப் புத்திசாலித்தனமான காரியத்தை நான் அதுவரை செய்ததில்லை.

மாமா ஒன்பது பத்துக்கு வந்தார். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, வெயிலில் கறுத்த முகம். வெறுங்காலில் நடந்ததில் இரண்டு பாதத்திலும் கொப்புளம்; துணி சுற்றியிருந்தார். கேட்டைத் திறந்ததும் காரைப் பார்த்தார். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே பார்வை. பிறகு காந்தத்தைப் பார்த்தார்.

"அட, வண்டி மேலயே வெச்சுட்டயா சாமி" என்று சிரித்தார். எடுத்து, எண்ணி, கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கும் அம்மாவுக்கும் திருநீறு பூசினார். அப்பாவின் நெற்றியிலும் அவரே பூசினார். அம்மா இட்லி வைத்தாள். நடந்த கதை சொன்னார்: யாருக்குக் கால் வீங்கியது, யார் தாராபுரத்தில் பஸ் ஏறிப் பழனியில் நடந்து வந்ததுபோல் இறங்கினார். அம்மா சிரித்தாள். அப்பாவும் கடைசியில் சிரித்தார். பத்து மணிக்கு மாமா கிளம்பினார்.

நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்தோம். அம்மா அவருக்கு ஒரு தூக்குப்போசியில் குழம்பு ஊற்றிக் கொடுத்திருந்தாள். இன்னொரு கையில் பஞ்சாமிர்த டப்பாக்கள் கொண்ட பை. கதவைத் திறக்கக் கை வேண்டும். மாமா எப்போதும் செய்வதைச் செய்தார். போகிறபோக்கில் காந்தத்தைப் பானட்டின் முன்பக்கம் ஒட்டினார்.

டப் என்று கேட்கவில்லை. காந்தம் சறுக்கி, மட்கார்டில் பட்டு, தரையில் விழுந்தது. ஊசிகள் சிதறின.

மாமா விழுந்த காந்தத்தைப் பார்த்தார். போசியையும் பையையும் படியில் வைத்தார். கொப்புளக் கால்களை மடக்கி மண்டியிட்டு ஊசிகளைத் தேட ஆரம்பித்தார். அப்பாவும் மண்டியிட்டார். வாசலில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டும் தூரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எண்ணினேன். ஏழு. ஒன்பது. பதினொன்று.

பன்னிரண்டாவது முன் சக்கரத்துக்கு உள்ளே போயிருந்தது. மாமா தலையை மட்கார்டுக்கு அடியில் விட்டார். அங்கே பெயிண்ட் அடிக்கவில்லை. காலை வெயில் இடது பக்கமிருந்து விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அறுத்த ஓரத்தின் பக்கம் தேன் நிறத்தில் ஒரு கோடு தெரிந்திருக்கும். ஊசி அவர் கைக்கு எட்டிவிட்டது என்பதை நான் பார்த்தேன். கை திரும்பி வந்த பிறகும் தலை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பன்னண்டும் கெடச்சிருச்சு" என்றார். பிறகு பானட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "நல்லாத் தொடச்சு வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. வழுக்குது."

அப்பா வாயைத் திறந்தார். மாமா அதற்குள் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். சாவியைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அடுத்த வருசமும் இங்கியேதான் விட்டுட்டுப் போவனுங்க. சும்மா ஸ்டார்ட் பண்ணாப் பத்தாது, பாப்பாவ ஏத்தீட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றோம். பிறகு அப்பா படியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா, "சாப்பிட வாங்க" என்று அவரிடமே சொன்னாள்.

காந்தம் இரும்பில் ஒட்டும், மற்றதில் ஒட்டாது என்பது எங்களுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம். மாமா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். துடைத்ததால் வழுக்குகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டதும், பகலெல்லாம் காந்தத்தோடு திரியும் மனிதருக்கு இது தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பெரியவளானதும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கார் மாமாவிடம் இன்னும் ஒன்பது வருடம் ஓடியது. எங்கள் வாசலில் நிறுத்தும்போதெல்லாம், காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அவர் கீழே இறங்குவார்.